சறுக்கி விழுவதா, மோதி விழுவதா?

2024 செப்டம்பர் 12ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் மயாமியில் நடந்த கால்பந்தாட்டத்தின் மூன்றாம் பகுதி. மயாமி டால்ஃபின்ஸ் அணி 31க்கு 10 என்று பின்தங்கியிருந்தது. அவ்வணியின் குவார்ட்டர்பேக் டுவா டகோவைலோவா பந்தைத் தாமே ஏந்திக்கொண்டு முன்னோக்கி ஓடினார். எதிரே பஃபலோ அணியின் தடுப்பாட்டக்காரர் டமார் ஹாம்லின் வந்தார். அந்தக் கணத்தில் டுவாவின் முன் இரண்டு வழிகள் இருந்தன. கால்களை முன்னே நீட்டித் தரையில் சறுக்கியிருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றிருக்கும். அதன்பின் அவரைத் தாக்குவது விதிமீறல். அவரோ தோளைத் தாழ்த்தித் தலை முன்னிருக்க நேரே மோதினார். விழுந்தவரின் கை இயல்புக்கு மாறாக விறைத்து உயர்ந்ததை அரங்கமே கண்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் அவருக்கு உறுதிசெய்யப்பட்ட மூன்றாவது மூளையதிர்ச்சி அது. அப்போது அவருக்கு வயது 26.

மருத்துவமனைச் செய்திமடலில் இவ்வாட்டத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். எவ்வளவு ஆபத்தை ஏற்பது, எதற்காக ஏற்பது, அதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்னும் கேள்விகள் நோயாளரின் கட்டிலருகே நாள்தோறும் எழுபவை. வேலைக்குத் திரும்ப அவசரப்படும் நோயாளரும், இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லும் குடும்பத்தாரும் இதே வழக்கைத்தான் வேறு சொற்களில் நடத்துகிறார்கள். குவார்ட்டர்பேக்கின் வாழ்வில் அவ்வழக்கு சில நொடிகளுக்குள், பல்லாயிரம் பேர் முன்னிலையில் நடந்து முடிகிறது. ஆகவே அதை உற்றுநோக்குவது எளிது.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. இருமுனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் எதிரணியின் எல்லைக்குக் கொண்டுசெல்லும் ஆட்டம் அது. நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பெரும்பாலும் ஒவ்வொரு முயற்சியும் குவார்ட்டர்பேக்கின் கையில்தான் தொடங்குகிறது. யாருக்கு எறிவது, எறிய வழியில்லாவிடில் தாமே ஓடுவதா என்பதை அவர் இரண்டு மூன்று நொடிகளில் தீர்மானிக்கிறார். அதற்குள் அவரை வீழ்த்துவதற்கென்றே நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வீரர்கள் பாய்ந்து வந்துவிடுகிறார்கள்.

அவர் காயமுற்றால் அணியின் ஓராண்டு உழைப்பே வீணாகலாம். ஆதலால் விதிகள் மெல்ல மெல்ல அவருக்கு அரணாக வளர்ந்தன. கால்களை முன்னீட்டிச் சறுக்கும் குவார்ட்டர்பேக்கின் ஆட்டம் அத்துடன் முடிந்ததாகக் கொள்ளும் விதி 1985இல் வந்தது. 2006 தொடக்கத்தில் கார்சன் பால்மரின் முழங்காலும், 2008இல் டாம் பிரேடியின் முழங்காலும் சிதைந்தபின், அவர்களின் கால்களைத் தாழ்ந்து தாக்குவதற்கான தடை இறுகியது. இவ்வளவு காப்பு இருந்தும் அவர்கள் ஏன் மோதுகிறார்கள்?

வெற்று வீம்பு என்று சொல்லிவிட முடியாது. 1998 ஜனவரி 25 அன்று நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் டென்வர் அணியின் ஜான் எல்வேக்கு வயது 37. அதற்கு முன் மூன்று முறை இறுதியாட்டம் வரை சென்று மூன்றிலும் தோற்றவர் அவர். ஆட்டம் 17க்கு 17 என்று சமநிலையில் இருக்கையில், தேவைப்பட்ட ஆறு கெஜத்துக்காக அவர் பந்துடன் ஓடி, தடுத்தவர்களின் மேல் உடலை எறிந்தார். இருபுறமும் தாக்கப்பட்டு அந்தரத்தில் சுழன்று விழுந்தார். எட்டுக் கெஜம் கிடைத்தது. சற்று நேரத்தில் அவருடைய அணி முன்னிலை பெற்றது. முடிவில் 31க்கு 24 என்று வென்றது. அச்சுழற்சிக்கு அமெரிக்கர்கள் ‘ஹெலிகாப்டர்’ என்று பெயரிட்டு இன்றும் பேசுகிறார்கள். வயது முதிர்ந்த தலைவர் தம் உடலைப் பணயம் வைத்ததைக் கண்ட மற்ற வீரர்களுக்கு வேறு எந்த ஊக்கவுரையும் தேவைப்பட்டிராது.

எல்வே செய்தது சரியே என்பது என் கருத்து. அவருக்கு மறுவாய்ப்பு கிட்டுவது ஐயம். கிடைக்கவேண்டிய பயன் கண்முன் இருந்தது. இழக்கக்கூடியதும் அவருக்குத் தெரிந்திருந்தது. டுவா மோதியபோதோ பருவத்தின் இரண்டாவது ஆட்டந்தான் நடந்துகொண்டிருந்தது. அணி 21 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. இரு மாதங்களுக்கு முன்புதான் 21 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தார். இரண்டையும் ஒரே துணிச்சல் என்று சொல்வது தகாது. ஓர் ஆபத்து எதை ஈட்டித்தரும் என்று கேட்காமல் அதைப் புகழ்வதும் பழிப்பதும் ஒன்றுபோலவே பயனற்றவை.

தனித்தனியே பார்த்தால் நியாயமாகத் தோன்றும் ஆபத்துகள் ஒன்றுசேர்ந்து ஒருவரைக் கரைத்துவிடுவதும் உண்டு. ஆண்ட்ரூ லக்கின் கதை அத்தகையது. 2012இல் புதிய வீரர்களுக்கான தேர்வில் முதலாமவராக இண்டியானாபொலிஸ் அணிக்கு எடுக்கப்பட்டவர். முதல் மூன்று ஆண்டுகளிலும் அணியை அடுத்த சுற்றுக்குக் கொண்டுசென்றார். தம்மை வீழ்த்திய எதிரணியினரை எழுந்து நின்று பாராட்டும் விந்தையான பழக்கம் அவருக்கு இருந்தது. சறுக்குவதில் மட்டும் அவருக்கு விருப்பமில்லை. 2015 நவம்பர் 8 அன்று டென்வர் அணிக்கு எதிராகப் பந்துடன் ஓடியவர் இரு வீரர்களிடையே சிக்கினார். அவரது சிறுநீரகத்தில் கிழிசல் ஏற்பட்டது. வயிற்றுத் தசையும் ஓரளவு கிழிந்தது. அவர் அதை அப்போது அறியவில்லை, தொடர்ந்து ஆடினார், அணி வென்றது. சிறுநீரில் இரத்தம் வந்தது பின்னர்தான்.

சிறுநீரகக் காயம் பெரும்பாலும் ஓய்விலேயே ஆறக்கூடியது, அவருக்கும் ஆறிற்று. ஆனால் அதே ஆண்டில் எறியும் கையின் தோள்மூட்டும் காயமுற்றிருந்தது. விலாவின் குருத்தெலும்பு கிழிந்தது. மூளையதிர்ச்சி ஒன்று நேர்ந்தது. தோளுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு 2017ஆம் ஆண்டு முழுவதும் களமிறங்கவில்லை. 2018இல் மீண்டு வந்து மிகச்சிறப்பாக ஆடி, மீண்டெழுந்த வீரருக்கான விருதையும் பெற்றார். அடுத்த ஆண்டே கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் வலி தொடங்கியது. 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயதில், ஓய்வை அறிவித்தார். காயம், வலி, மறுவாழ்வுப் பயிற்சி, மீண்டும் காயம் என்னும் சுழலில் சிக்கி ஆட்டத்தின் மகிழ்ச்சியையே இழந்துவிட்டதாகக் கண்கலங்கக் கூறினார். அன்றிரவு அவர் களத்தைவிட்டு வெளியேறுகையில் சொந்த ஊர் இரசிகர்களே கூச்சலிட்டு எள்ளினார்கள். நெடுங்காலம் வலியுடன் வாழ்ந்தவர்கள் எவரும் அந்தக் கூச்சலில் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று எறிந்தால் போதுமா? அதுவும் காப்பன்று. 1985 நவம்பர் 18 அன்று வாஷிங்டன் அணியின் ஜோ தீஸ்மன், தம் வீரர்களின் அரணுக்குப் பின்னே நின்றிருக்கையில்தான் கால் முறிந்தது. அத்துடன் அவருடைய ஆட்டவாழ்வு முடிந்தது. ஓடுகிறவர் தம்மை நோக்கி வருபவரைப் பார்க்கிறார். நின்று எறிகிறவரின் கண் தொலைவில் இருக்கிறது. கால் தரையில் ஊன்றியிருக்கிறது. அடி காணாத திசையிலிருந்து வருகிறது. படுக்கையைவிட்டு அசையாதிருப்பதே பாதுகாப்பு என்று எண்ணும் நோயாளருக்கு நாளங்களில் இரத்தம் உறைவதையும் தசை மெலிவதையும் எடுத்துரைக்கும் செவிலியர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள்.

இனி, முடிவு யாருடையது என்னும் கேள்வி. 2012இல் ராபர்ட் கிரிஃபின் என்னும் இளைஞர் வாஷிங்டன் அணிக்கு வந்து, முதல் ஆண்டிலேயே ஓடியே 815 கெஜம் ஈட்டிச் சிறந்த புதுவீரர் விருதைப் பெற்றார். டிசம்பரில் அவரது வலது முழங்காலின் பக்கவாட்டுத் தசைநார் காயமுற்றது. 2013 ஜனவரி 6 அன்று நடந்த வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில், அதே கால் முதற்பகுதியிலேயே மீண்டும் நொந்தது. அவர் நொண்டுவதை அனைவரும் கண்டார்கள். தம்மால் ஆட முடியும் என்று அவர் பயிற்சியாளரிடம் கூறினார், பயிற்சியாளரும் ஏற்றுக்கொண்டார். நான்காம் பகுதியில் எவரும் தாக்காமலே, தரையில் வந்த பந்தை எடுக்கத் திரும்புகையில், அம்முழங்கால் மடிந்தது. இரு தசைநார்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. முதல் ஆண்டின் அந்த ஆட்டத்தை அவர் மீண்டும் எட்டவில்லை.

அன்று அவருக்கு வயது 22. அந்த வயதில், அந்த அரங்கில், “என்னால் முடியாது” என்று சொல்லும் வீரர் அரியவர். “வலிக்கிறதா?” என்னும் கேள்விக்கு நோயாளர் தரும் விடை பலவேளைகளில் உடலைப் பற்றியதாக இருப்பதில்லை. வீட்டுக்குப் போகும் ஆவல், பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடுவோமோ என்னும் அச்சம், விடுப்பு தீர்ந்துபோன கவலை ஆகியவை சேர்ந்து அவ்விடையை எழுதுகின்றன. ஆகவே கேட்பவர் காதை மட்டும் நம்பலாகாது. நடையையும் பார்க்க வேண்டும்.

ஆயினும் முழங்காலைப் பொறுத்தவரை, விவரமறிந்த ஒருவர் தெளிந்த மனத்துடன் ஓர் ஆபத்தை ஏற்கிறார் என்றால் அதை மதிக்க இடமுண்டு. தலையைப் பொறுத்தவரை அவ்வாறில்லை. காயமுற்ற உறுப்பே அங்கு முடிவெடுக்கும் உறுப்பு.

டுவாவின் 2022ஆம் ஆண்டு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. செப்டம்பர் 25 அன்று தள்ளப்பட்டு விழுந்ததில் அவரது தலை தரையில் மோதியது. எழுந்தவர் தலையை உதறிக்கொண்டு தள்ளாடினார். பரிசோதனைக்குப் பின், தள்ளாட்டத்துக்குக் காரணம் முதுகுக் காயமே என்று கருதப்பட்டு மீண்டும் ஆட அனுமதிக்கப்பட்டார். நான்கு நாள்கள் கழித்துச் சின்சினாட்டியில் மீண்டும் தலை மோத, விரல்கள் கோணி விறைத்த நிலையில் தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்லப்பட்டார். பெரும் கண்டனம் எழுந்தபின், அக்டோபரில் விதி திருத்தப்பட்டது: தள்ளாட்டம் காணப்பட்டால், காரணம் எதுவென்று சொல்லப்பட்டாலும், அந்த வீரர் அன்று மீண்டும் ஆடலாகாது.

அதைவிடக் கருதத்தக்கது அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாள் ஆட்டம். அன்றும் அவரது தலை தரையில் மோதியது. ஆனால் அவரும் உணரவில்லை, மருத்துவர்களும் கவனிக்கவில்லை, கடைசி வரை ஆடினார். அறிகுறிகள் மறுநாள்தான் தெரியவந்தன. எதையும் மறைக்கும் நோக்கம் இல்லாத இடத்திலும் இவ்வாறு நேரும். மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதக்கும் மூளை திடுமெனக் குலுங்கும்போது, அதன் செயல் சிறிது காலம் தடுமாறுகிறது. நினைவு இழக்க வேண்டும் என்பதில்லை, இரத்தம் வர வேண்டும் என்பதில்லை, சி.டி. படம் இயல்பாகவே இருக்கக்கூடும். படத்தில் ஒன்றுமில்லை என்றால் இரத்தக்கசிவோ முறிவோ இல்லை என்பதே பொருள்.

அடுத்தடுத்த அடிகள் பல ஆண்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது வேறொரு கவலை. 2002இல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்னும் முன்னாள் வீரரின் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, அதில் கண்ட நாட்பட்ட சிதைவை 2005இல் வெளியிட்டார். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொழில்முறை லீகில் ஆடி மறைந்த 111 பேரின் மூளைகளில் 110இல் அச்சிதைவைக் கண்டார்கள். இவை பெரும்பாலும் ஐயுற்ற குடும்பத்தினர் ஆய்வுக்குக் கொடையளித்தவை; ஆதலால் ஆடியவர் அனைவருக்கும் இவ்விகிதம் பொருந்தாது. என்றாலும் அந்த எண்ணை எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்த ஆட்டத்தை ஒருநாளும் பார்த்திராத வீடுகளிலும் தலையில் அடிபடுகிறது. இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தவர், குளியலறையில் வழுக்கியவர், பள்ளித் திடலில் முட்டிக்கொண்ட சிறுவர் என்று அவசரப் பிரிவுக்கு வருவோர் பலர். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சொல்வதைவிட, அவருடன் வாழ்பவர் காணும் மாற்றம் நம்பத்தக்கது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, நடை தள்ளாடுகிறதா, இயல்புக்கு மாறாக எரிந்துவிழுகிறாரா என்பதை மருத்துவர் முதற்பார்வையில் அறிய இயலாது; அவருக்கு நேற்றைய மனிதரைத் தெரியாது. மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, குழறும் பேச்சு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வர வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் வந்து காட்டிக்கொள்வது நல்லது. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியபின் நோயாளரை உறங்கவிடாமல் விழிக்கவைக்கும் பழக்கம் சில குடும்பங்களில் உண்டு, அது தேவையற்றது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு சிறிது சிறிதாக இயல்பு வாழ்க்கை என்பதே முறை. அடிபட்ட அன்றே திடலுக்குத் திரும்புவது எவ்வகையிலும் கூடாது. முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி, சிறியதாயினும், பெருங்கேடு செய்யலாம்.

டுவா இதை அறியாதவர் அல்லர். 2022க்குப் பின் ஓய்வு பெறுவது குறித்துக் குடும்பத்தாருடன் கலந்து பேசினார். தொடர முடிவுசெய்து, தலை தரையில் படாமல் விழுவது எப்படி என்பதை ஜியு-ஜிட்சு என்னும் மற்போர்க் கலை வாயிலாகக் கற்றார். 2023இல் 17 ஆட்டங்களையும் ஆடி, அவ்வாண்டு எறிதலில் எவரினும் மிகுதியாக 4,624 கெஜம் ஈட்டினார். விழுவதும் பயின்று பெறும் திறனே. முதியோருக்கு விழாமல் நடக்கவும், விழுந்தால் எழவும் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர்கள் இதில் வியப்புக் கொள்ள மாட்டார்கள். ஆனால் விழக் கற்பது வேறு. விழவேண்டிய வேளையை ஒப்புக்கொள்வது வேறு. 2024 செப்டம்பரில் அந்த இரண்டாவதுதான் தவறியது. அவர் மோதிய ஹாம்லின், 2023 ஜனவரி 2 அன்று மார்பில் பட்ட அடியால் களத்திலேயே இதயம் நின்று, உடனடி இதய அழுத்தத்தாலும் மின்னதிர்ச்சிக் கருவியாலும் உயிர் மீண்டவர். குவார்ட்டர்பேக் சறுக்காதபோது ஆபத்து அவருடையது மட்டுமன்று. எதிரே வருபவரின் உடலும் அதில் சேர்கிறது.

தெளிந்த மனத்துடன் ஏற்ற ஆபத்துக்கு அலெக்ஸ் ஸ்மித்தைச் சொல்லலாம். 2018 நவம்பர் 18, தீஸ்மனின் கால் முறிந்த அதே நாள், 33 ஆண்டுகளுக்குப் பின். அதே வாஷிங்டன் அணி. தீஸ்மனும் அரங்கில் அமர்ந்திருந்தார். ஸ்மித்தின் வலக்கால் எலும்புகள் இரண்டும் முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்தன. அறுவை சிகிச்சைக்குப் பின் தசைகளை அரிக்கும் கிருமித்தொற்று பரவி இரத்தத்தையும் நச்சாக்கியது. காலை எடுப்பதா, காப்பாற்ற முயல்வதா என்னும் நிலை வந்தபோது அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லை. மருத்துவர்களுடன் அமர்ந்து பேசியவர் மனைவி எலிசபெத். அழுகிய தசை பலமுறை அகற்றப்பட்டது. மற்றொரு காலின் தொடைத் தசை எடுத்துப் பொருத்தப்பட்டது. மொத்தம் 17 அறுவை சிகிச்சைகள். போரில் உறுப்பிழந்த படைவீரர்களுக்கான டெக்ஸஸ் மையம் ஒன்றில் அவர் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார்.

நடந்தால் போதும் என்றிருந்தவர் ஆடவும் விரும்பினார். எலும்பு கூடியதை மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். மற்றவற்றை அவரும் மனைவியும் பேசி முடிவுசெய்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. 2020 அக்டோபர் 11 அன்று அணியின் குவார்ட்டர்பேக் காயமுற்று வெளியேற, ஸ்மித் களமிறங்கினார். சிறிது நேரத்தில் அந்த லீகிலேயே வலிமை மிக்கவராகக் கருதப்பட்ட ஆரன் டொனால்டு அவர் முதுகின் மேல் பாய்ந்தார். எலிசபெத்தும் மூன்று பிள்ளைகளும் அரங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்மித் முன்புறமாகக் கவிழ்ந்து விழுந்தார். பின்பு எழுந்து, அடுத்த முயற்சிக்காகத் தம் இடத்துக்கு நடந்தார்.